வீட்டு விலை ஏறுமா என்று கேட்காதீர்கள்: ரியல் எஸ்டேட் நிபுணரிடம் செய்தியாளர் கேட்க வேண்டியவை

காலாண்டு முடிந்து அறிக்கைகள் வரும்போதெல்லாம் இந்தக் குழப்பமும் கூடவே வரும். ஒரு நாளிதழில் 'சென்னையில் வீடு விற்பனை உயர்வு' என்று தலைப்பு. அதே வாரம் இன்னொன்றில் 'சரிவு'. இரண்டிலும் ஒரு நிபுணர் பேசியிருப்பார், இரண்டிலும் சதவீதக் கணக்கு இருக்கும். வாங்கலாமா, பொறுக்கலாமா என்று தவிப்பவர் இரண்டையும் படித்துவிட்டு, கடைசியில் மைத்துனர் சொன்னதைக் கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

இதில் பெரும்பாலும் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு நிறுவனங்களும் எண்ணிய வீடுகள் வேறு, எடுத்துக்கொண்ட பகுதி வேறு, எதை 'விற்பனை' என்று வைத்துக்கொண்டார்கள் என்பதும் வேறு. இதையெல்லாம் கேட்டு எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் பேட்டியில் முதலில் வந்து விழும் கேள்வி, "இனி விலை ஏறுமா, சார்?" அதற்கு யாருக்கும் உறுதியான விடை தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசத் துணிகிறவருக்கே தலைப்புச் செய்தி கிடைக்கிறது.

செய்தியாளர் கேட்க வேண்டியது வேறொன்று: இன்றைய விலை எதன்மேல் நிற்கிறது? வாடகையின் மேலா, வருமானத்தின் மேலா, மலிவுக் கடனின் மேலா, அல்லது நாளை இன்னும் ஏறும் என்ற நம்பிக்கையின் மேலா? இந்தக் கேள்விக்கான விடையை இன்றே சரிபார்த்துவிடலாம், பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

## முதலில், எந்த விலை?

தங்கத்துக்கு தினமும் காலையில் ஒரு விலை அறிவிக்கிறார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் கிராமுக்கு ஏறக்குறைய அதுதான். வீட்டுக்கு அப்படியொரு விலையே கிடையாது. ஒரே பிளாட்டுக்கு ஐந்து விலை இருக்கும்:

1. பில்டர் விளம்பரத்தில் போடும் விலை.
2. பேரம் பேசி முடிந்த விலை. கார் நிறுத்தம் இலவசம், மாடுலர் கிச்சன் இலவசம், பத்திரச் செலவு எங்களுடையது என்று கொடுக்கப்படும் சலுகைகள் விளம்பர விலையில் தெரியாது. சந்தை மந்தமாகும்போது முதலில் மாறுவது இந்தச் சலுகைகள்தான். விலைப்பட்டியல் அப்படியே இருக்கும், உண்மை விலை இறங்கியிருக்கும்.
3. பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்த விலை.
4. கடன் தருவதற்காக வங்கியின் மதிப்பீட்டாளர் போட்ட விலை.
5. அரசின் வழிகாட்டி மதிப்பு. இது முத்திரைத்தாள் கட்டணத்துக்கான அடித்தளம். சந்தை விலையைத் துரத்திக்கொண்டே இருக்கும், பிடிப்பது அபூர்வம்.

தேசிய வீட்டுவசதி வங்கி வெளியிடும் 'ரெசிடெக்ஸ்' குறியீடு, முதன்மையாக வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தரும் மதிப்பீடுகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு பதிவு அலுவலகத் தரவிலிருந்து வருகிறது. தனியார் ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கைகளோ பெரும்பாலும் பில்டர்களிடம் திரட்டிய புதுத் திட்டங்களின் விலை. மூன்றும் மூன்று திசையில் போனால் அதிசயமில்லை. ஆகவே "12% ஏறியிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், முதல் கேள்வி: "இந்த ஐந்தில் எந்த விலை, சார்?"

பதிவு விலையில் தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே செய்தியாளர் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். 2017 ஜூன் 9 அன்று மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33% குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் 1%-லிருந்து 4% ஆனது. 2023 ஏப்ரலில் மதிப்புகள் 2017 குறைப்புக்கு முந்தைய அளவுக்கே திரும்பின; கட்டணம் 2% ஆகக் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு மாற்றம். அதுவரை புது பிளாட் வாங்கினால், நிலத்தில் பிரிக்கப்படாத பங்குக்கு ஒரு விற்பனைப் பத்திரமும் கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தமும் போடுவார்கள். அதன்பிறகு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே கூட்டு மதிப்பில் பதியும் முறை வந்தது.

இந்த மூன்று தேதிகளுக்கும் முன்னும் பின்னும் உள்ள பதிவு விலைகளை அப்படியே ஒப்பிட்டால், சந்தை அசையாமலே விலை ஏறியதாகவும் இறங்கியதாகவும் தெரியும். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் ஊரறிந்த ரகசியம். மதிப்பு உயர்ந்தால் கணக்கில் வரும் தொகையும் உயரும், அவ்வளவுதான். நிபுணர் பதிவுத் தரவைக் காட்டினால், ஒப்பீட்டுக் காலத்துக்குள் இந்தத் தேதிகளில் ஏதாவது விழுகிறதா என்று பார்ப்பது செய்தியாளர் வேலை. நிபுணர் தானாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

## சராசரி செய்யும் மாயம்

எந்த வீட்டின் விலையும் ஒரு ரூபாய்கூட ஏறாமல் சராசரி விலை ஏற முடியும். போன ஆண்டு பத்து பிளாட் விற்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு 50 லட்சத்துக்கு, நான்கு ஒரு கோடிக்கு. சராசரி 70 லட்சம். இந்த ஆண்டும் பத்து, ஆனால் மூன்று 50 லட்சத்துக்கு, ஏழு ஒரு கோடிக்கு. சராசரி 85 லட்சம். 'வீட்டு விலை 21% உயர்வு' என்று தலைப்புப் போடலாம். நடந்தது என்னவோ, 50 லட்சத்தில் வாங்க வேண்டியவர்கள் சந்தையிலிருந்து விலகிப்போனது. நேர்மாறான செய்தி!

இதைத் தவிர்க்கத்தான் அமெரிக்காவின் கேஸ்-ஷில்லர் குறியீடு ஒரே வீடு மறுபடி விற்கும்போது கிடைக்கும் விலையை முந்தைய விலையோடு ஒப்பிடுகிறது. அதற்கும் குறை உண்டு. இரண்டு விற்பனை தேவைப்படுவதால் புத்தம்புது வீடுகள் கணக்கில் வராது. மூன்று மாதச் சராசரி என்பதாலும் வெளியீடு தாமதமாவதாலும், ஜூன் கடைசியில் வரும் எண் உண்மையில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களின் கதை. சந்தை திரும்பும் நேரத்தில் இந்த மூன்று நான்கு மாத இடைவெளி பெரிய விஷயம்.

இன்னும் மூன்று சின்னக் கேள்விகள், நீட்டாமல்:

1. எந்தப் பரப்பு? சதுர அடி 7,000 ரூபாய் என்பது சூப்பர் பில்ட்-அப் கணக்கா (சுவர், படிக்கட்டு, பொது இடங்களின் பங்கும் சேர்ந்தது), கார்பெட் பரப்பா (வீட்டுக்குள் நாம் புழங்கும் தரை)? 1,000 சதுர அடி என்று விற்கும் பிளாட்டில் கால் பதிக்கும் இடம் 700 சதுர அடி என்றால், அதே விலை சதுர அடிக்கு 10,000. 2016-ன் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் கார்பெட் பரப்புக்கு வரையறை தந்துவிட்டது. பேட்டிகளில் இன்னும் பழைய கணக்கே ஓடுகிறது.
2. எத்தனை ஆண்டில்? '60% ஏற்றம்' என்பது பத்து ஆண்டில் என்றால் ஆண்டுக்கு 4.8%. அந்தக் காலத்தில் பணவீக்கம் ஆண்டுக்கு 5% இருந்திருந்தால் வீட்டுக்காரர் உண்மையில் தேய்ந்திருக்கிறார்.
3. எந்த மாதத்தோடு ஒப்பீடு? ஆடியில் பதிவு குறையும். ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாளுக்குக் கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்குக் கூட்டம் நிற்கும். ஆடியோடு ஆவணியை ஒப்பிட்டு 'சந்தை மீண்டெழுந்தது' என்று எழுதக் கூடாது. போன ஆவணியோடுதான் இந்த ஆவணியை ஒப்பிட வேண்டும்.

மூன்றாவதற்கு அமெரிக்காவிலும் ஓர் உதாரணம் உண்டு. முதல் வீடு வாங்குவோருக்கு 8,000 டாலர் வரிச்சலுகை தந்தார்கள். 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் போட்டாக வேண்டும் என்று கெடு. கெடுவுக்கு முன்னால் விற்பனை ஏறியது, பலர் 'மீட்சி' என்றார்கள். ஜூலை மாதத்தில் பழைய வீடுகளின் விற்பனை ஒரே மாதத்தில் 27% விழுந்தது. சலுகை புதிதாக வாங்குபவர்களைப் பெரிதாக உருவாக்கிவிடவில்லை. பின்னால் வாங்கவிருந்தவர்களை முன்னால் இழுத்திருந்தது.

## 2005: சரியான கேள்வி, பாதியில் நின்ற பேட்டி

வீட்டு விலை பற்றி நிபுணர்களிடம் எப்படிக் கேட்கக் கூடாது என்பதற்கு அமெரிக்காவின் 2002–2006 காலத்தைப் போல இன்னொரு பாடம் கிடையாது. அதில் ஒரு பேட்டியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2005 ஜூலை 1. சி.என்.பி.சி. தொலைக்காட்சி. எதிரே பென் பெர்னான்கி. அப்போது அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவர், அடுத்த ஆண்டு அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர். கேள்வி கெட்டிக்காரத்தனமானது: நாடு முழுவதும் விலை கணிசமாக இறங்கினால், மிக மோசமான நிலை என்னவாக இருக்கும்? பெர்னான்கி அந்த அனுமானத்தையே தான் ஏற்கவில்லை என்றார். அது நடக்க வாய்ப்பு மிகக் குறைவு, நாடு தழுவிய அளவில் வீட்டு விலை இறங்கியதே இல்லை என்றார்.

இந்தப் பதில் ஒரு பூட்டு மாதிரி ஒலிக்கிறது. திறக்க மூன்று துணைக்கேள்விகள் போதும்.

1. "இறங்கியதே இல்லை என்றால், எந்த ஆண்டிலிருந்து?" அப்போது அதிகம் புழங்கிய அரசுக் குறியீடு 1975-லிருந்துதான் தொடங்குகிறது. 1930-களின் பெருமந்தத்தில் வீட்டு விலைகள் சரிந்திருந்தன. 'எப்போதும்' என்பது முப்பது ஆண்டாகச் சுருங்கிவிடுகிறது.
2. "அந்தக் குறியீடு எந்த வீடுகளை எண்ணுகிறது?" வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்களின் வரம்புக்குள் வரும் கடன்களோடு தொடர்புடைய வீடுகளைத்தான். விலையை மேலே துரத்திவிட்ட சப்பிரைம் கடன் (திருப்பிக் கட்டும் தகுதி குறைந்தவர்களுக்குத் தந்த கடன்) வீடுகளும் மிகப் பெரிய கடன்களும் அதற்கு வெளியே நின்றன.
3. "முன்பு இல்லாதது ஏதாவது இப்போது இருக்கிறதா?" இருந்தது. வருமானச் சான்று கேட்காமல் கடன், முதல் சில ஆண்டுகளுக்கு அசலே கட்டாத கடன். பழைய அனுபவம் பழைய கடன் முறைக்குத்தான் பொருந்தும்.

மூன்றும் பொருளாதாரப் பட்டம் இல்லாதவரும் கேட்கக்கூடிய கேள்விகள். இங்கே பெர்னான்கியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நோக்கமில்லை. அதற்கு மூன்று வாரம் முன்பு, 2005 ஜூன் 9 அன்று மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானும் நாடாளுமன்றக் குழு முன் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: சில உள்ளூர்ச் சந்தைகளில் நுரை இருக்கிறது, நாடு தழுவிய குமிழி இருக்க வாய்ப்பில்லை. பெரிய பதவி, அமைதியான குரல், கையில் ஒரு 'ஒருபோதும் இல்லை'. செய்தியாளர் பின்வாங்க இவை போதுமாக இருந்தன.

தேசிய அளவில் விலை 2006-ல் உச்சம் தொட்டு, 2012 தொடக்கம் வரை இறங்கியது. கேஸ்-ஷில்லர் தேசியக் குறியீட்டின்படி கால் பங்குக்கும் மேல். லாஸ் வேகஸில் பாதிக்கும் மேல்.

## யாருக்குத் தெரிந்திருந்தது, எப்படி?

யாருக்குமே தெரியவில்லை என்பது பின்னால் சொல்லப்பட்ட சமாதானம். வாஷிங்டனில் ஒரு சிறிய ஆய்வு மையத்தை இணைந்து நிறுவிய பொருளாதார அறிஞர் டீன் பேக்கர் 2002 ஆகஸ்டிலேயே எழுதிவிட்டார். அவர் ரகசியத் தரவு எதையும் தோண்டவில்லை. வாடகையையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வீடு உண்மையிலேயே பற்றாக்குறை என்றால் வாடகையும் அதே வேகத்தில் ஏற வேண்டும். ஏறவில்லை. காலியான வாடகை வீடுகளின் விகிதமோ கூடிக்கொண்டிருந்தது. 2004-ல் 10%-ஐத் தாண்டியது. ஆக, விலையை ஏற்றியது தங்க இடமில்லாத மக்கள் அல்ல என்ற முடிவுக்கு வர இவ்வளவு போதும். யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஷில்லர் தொகுத்த நீண்டகாலத் தரவும் அதையே காட்டியது: 1890-களிலிருந்து நூறாண்டுக் காலம், பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், அமெரிக்க வீட்டு விலை பெரிதாக ஏறவே இல்லை.

பேக்கர் 2004-ல் வாஷிங்டனில் இருந்த தன் சொந்த வீட்டை விற்றுவிட்டார். நிபுணரிடம் கேட்க இது நல்ல கேள்வி என்று தோன்றும்: "நீங்கள் சொந்தக் காசில் என்ன செய்திருக்கிறீர்கள்?" கேட்கலாம், ஆனால் ஒருவருடைய குடும்பத் தேவை வேறு, சந்தை வேறு என்பதால் அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாது.

அதே காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் சலிக்காமல் மேற்கோள் காட்டிய பெயர்களில் ஒன்று டேவிட் லெரியா. வீட்டுத் தரகர்களின் தேசியச் சங்கத்தின் தலைமைப் பொருளாதார வல்லுநர். 2007-ல் அந்தப் பதவியை விட்டுப் போகும் வரை அவருடைய தொனி பெரும்பாலும் நம்பிக்கைத் தொனிதான். தான் கணித்தது தவறு என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். வீட்டுச் சந்தையை வளர்க்கும் சங்கத்தில் வேலை பார்த்தபோது அதன் நலனைப் பேசுவது தன் பணி என்றும் சொன்னார். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவருடைய பதவிப்பெயரிலேயே சங்கத்தின் பெயர் இருந்தது. அதைப் படித்துவிட்டும் நடுநிலை அறிஞராக அவரைக் காட்டியது செய்தி எழுதியவர்களின் தவறு.

அதே சங்கத்தின் சொந்தக் கணக்கெடுப்பு, 2005-ல் விற்ற வீடுகளில் ஏறக்குறைய பத்தில் நான்கு முதலீட்டுக்காகவோ விடுமுறை இல்லமாகவோ வாங்கப்பட்டவை என்று சொன்னது. குடியிருக்க வாங்காத வீடு, விலை சறுக்கினால் முதலில் விற்பனைக்கு வரும். இந்த எண்ணை நீட்டி, "இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால்?" என்று கேட்டிருக்கலாம். 2011 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது: 2007 முதல் 2010 வரையிலான பழைய வீடுகளின் விற்பனை எண்ணிக்கையைச் சங்கம் 14.3% குறைத்துத் திருத்தியது. ஒரே வீடு இரண்டு பட்டியலில் எண்ணப்பட்டிருந்தது காரணங்களில் ஒன்று. நான்கு ஆண்டு தலைப்புச் செய்திகள், அத்தனையும் கூடுதல் கணக்கு. "இந்த எண் பிறகு திருத்தப்படுமா? முன்பு எவ்வளவு திருத்தப்பட்டது?" என்ற கேள்விக்கு அதனால்தான் இடம் உண்டு.

## விலைக்குக் கீழே இருப்பது

இனி நம் ஊர்க் கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு, தர்க்கம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

80 லட்சம் ரூபாய் பிளாட். மாத வாடகை 20,000. ஆண்டுக்கு 2.4 லட்சம், அதாவது விலையில் 3%. வீட்டுக்கடன் வட்டி 8.5%. மூன்று சதவீதம் தரும் சொத்தை எட்டரை சதவீதக் கடனில் ஒருவர் வாங்குகிறார் என்றால், சொந்த வீடு என்ற நிம்மதிக்காகவோ, விலை ஏறி அந்த இடைவெளியை நிரப்பும் என்று நம்பியோதான் வாங்குகிறார். முதலாவது காரணமென்றால் அது அவர் விருப்பம். இரண்டாவது என்றால் நிபுணரிடம் கேட்க வேண்டும்: "விலை ஏறும் என்கிறீர்கள். இந்தப் பகுதியில் வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது? சம்பளம்? இரண்டும் ஏறாமல் விலை மட்டும் ஏறினால், அடுத்து வாங்குகிறவர் எந்தக் காசில் வாங்குவார்?"

வட்டி பற்றி இன்னொரு வழக்கமான வசனம்: "வட்டி ஏற்றத்தால் தேவை குறையாது." 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை) 4%-லிருந்து 6.5%-க்கு உயர்த்தியபோது இது அடிக்கடி கேட்டது. கணக்குப் போடுவோம். 50 லட்சம் கடன், 20 ஆண்டு. 7% வட்டியில் மாதத் தவணை 38,765 ரூபாய். 9.5%-ல் 46,607. கிட்டத்தட்ட 7,800 ரூபாய் கூடுதல். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிக்கொள்ளலாம் என்பார்கள். 9.5%-ல் 50 லட்சத்துக்கு முதல் மாத வட்டி மட்டுமே 39,583. பழைய தவணை வட்டிக்கே போதாது, அசல் ஏறத் தொடங்கும். "தேவை குறையாது" என்ற பதிலுக்குப் பின்னால், "யாருடைய தேவை? 50 லட்சம் கடன் வாங்குபவருடையதா, கடனே வாங்காதவருடையதா?" என்று கேட்டால் பேச்சின் திசை மாறும். ஆடம்பர வீடுகள் விற்பதையும் நடுத்தர வீடுகள் தேங்குவதையும் ஒரே 'தேவை'யில் கட்டிவைக்க முடியாது.

'விற்காமல் இருக்கும் வீடுகள் பன்னிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும்' என்ற வகை வாக்கியமும் இப்படித்தான். 24,000 வீடு தேங்கியிருக்கிறது, மாதம் 2,000 விற்கிறது என்றால் பன்னிரண்டு மாதம். மாத விற்பனை பாதியானால் அதே தேக்கம் இருபத்து நான்கு மாதம். அதோடு, இந்தக் கணக்கில் பில்டரிடம் இருப்பவை மட்டும்தான் தேக்கம். முன்விற்பனையில் முதலீட்டாளர் பத்து வீட்டை மொத்தமாக வாங்கினால் அவை 'விற்றவை'. அவர் அதே வீடுகளை மறுவிற்பனைக்குப் போடும்போது எந்த அறிக்கையிலும் வராது.

## 'பற்றாக்குறை' என்ற வாதம்

"நாட்டில் கோடிக்கணக்கில் வீடு பற்றாக்குறை, விலை எப்படி இறங்கும்?" கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதத்தைச் செய்தியாளர்கள் பெரும்பாலும் கேள்வியே இல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு மூலமாகக் காட்டப்படும் எண், மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2012-ல் தந்தது: நகர்ப்புறத்தில் 1.878 கோடி வீடு பற்றாக்குறை. உள்ளே போய்ப் பார்த்தால் அதில் 1.499 கோடி, நெருக்கடியான வீட்டில் வாழும் குடும்பங்கள். கல்யாணமான மகனும் மருமகளும் தனி அறையில்லாமல் இருப்பது இந்தக் கணக்கில் ஒரு பற்றாக்குறை. வீடே இல்லாதவர்கள் 5.3 லட்சம். மொத்தப் பற்றாக்குறையில் 95%-க்கும் மேல் மிக ஏழைகளும் குறைந்த வருமானத்தாரும். நடுத்தர வருமானத்துக்கு மேல் வெறும் 4.4%. அதே சமயம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகர்ப்புறங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடப்பதாகச் சொன்னது.

ஓ.எம்.ஆரில் ஒன்றரைக் கோடி ரூபாய் பிளாட்டுக்கு ஆதாரமாக இந்தப் பற்றாக்குறையைக் காட்டுவது, பசித்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டி நட்சத்திர ஓட்டல் திறப்பதற்குச் சமம். கேட்க வேண்டியது: "இந்தப் பற்றாக்குறை எந்த வருமானக்காரருக்கு? நீங்கள் பேசும் வீட்டை அவரால் வாங்க முடியுமா?"

## பேட்டியில் இது எப்படி ஒலிக்கும்

மரியாதை குறையாமல் இவ்வளவையும் கேட்க முடியுமா என்ற தயக்கம் இளம் செய்தியாளர்களுக்கு இருக்கும். கற்பனையாக ஒரு தொலைபேசி உரையாடல்:

"சார், இந்தக் காலாண்டு விற்பனை ஏறியிருக்குன்னு அறிக்கைல போட்டிருக்கீங்க. விற்பனைன்னா புக்கிங்கா, பத்திரப்பதிவா?"

"புக்கிங்தான்மா. பில்டர்கள் கொடுத்த எண்ணிக்கை."

"கேன்சல் ஆனதைக் கழிச்சாச்சுங்களா?"

"அது... அடுத்த காலாண்டுல அட்ஜஸ்ட் ஆகும்."

"சரி சார், அப்படியே எழுதிக்கறேன். உங்க நிறுவனம் இந்தத் திட்டங்கள்ல சிலதை விற்றும் கொடுக்குதுல்ல? அதையும் ஒரு வரி போட்டுடறேன்."

"அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்மா. போடுங்க."

"கடைசியா ஒண்ணு சார். எது நடந்தா உங்க கணிப்பு தப்புன்னு ஒத்துக்குவீங்க?"

குரலை உயர்த்த வேண்டியதில்லை, வாதாட வேண்டியதில்லை. "அப்படியே எழுதிக்கறேன்" என்ற வார்த்தைக்கு ஒரு சக்தி உண்டு: எழுதப்படப் போகிறது என்று தெரிந்தால் பதில் தானாகவே துல்லியமாகும். கமிஷன் பற்றிய கேள்வியைக் குற்றச்சாட்டாகக் கேட்டால் கதவு சாத்தப்படும். தகவலாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பெரிய ஆலோசனை நிறுவனங்கள் பலவும் சொத்துப் பரிவர்த்தனைகளில் கட்டணம் பெறும் நிறுவனங்கள்தான். அதை அவர்களே தங்கள் சேவைகளில் ஒன்றாக விளம்பரப்படுத்துகிறார்கள்.

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் பெரும்பாலும் வராது. "நீண்ட கால நோக்கில் ரியல் எஸ்டேட் எப்போதும் நல்லது" என்று முடியும். அப்போது கேட்க வேண்டியது: நீண்ட காலம் என்றால் எத்தனை ஆண்டு? முடிவுத் தேதி இல்லாத கணிப்பு ஒருநாளும் தவறாகாது. அதனால்தான் அது பயனற்றது. "மூன்று ஆண்டில், இந்தப் பகுதியில், கார்பெட் சதுர அடிக்கு" என்று ஒருவர் சொன்னால் அவர் தவறினாலும் மதிக்கத் தகுந்தவர். போன முறை என்ன சொன்னார் என்பதை அழைப்பதற்கு முன்பே பழைய செய்திகளில் தேடிப் பார்த்துவிட வேண்டும். பத்து நிமிட வேலை. சரியாகக் கணித்தவர் ஏன் சரியானார் என்று கேட்பதும் இதில் அடங்கும். ஆண்டுதோறும் 'சரியப் போகிறது' என்று சொல்லிக்கொண்டிருப்பவரும் ஒருநாள் சரியாகிவிடுவார், அது கணிப்பாகாது.

## வேறு யாரைக் கூப்பிடலாம்

வழக்கமான மேற்கோள் வட்டம் சிறியது: பில்டர் சங்க நிர்வாகி, ஆலோசனை நிறுவன அதிகாரி, வீட்டுக்கடன் வங்கியின் பேச்சாளர். மூவரும் விற்பனை நடந்தால் பயன் பெறுபவர்கள். மூன்று பேரிடம் கேட்டுவிட்டோம், சமநிலை வந்துவிட்டது என்று எண்ணுவது அப்பாவித்தனம்.

வங்கிக்கு மதிப்பீடு செய்யும் பொறியாளர், போன ஆறு மாதத்தில் எத்தனை வீட்டுக்குப் பில்டர் சொன்ன விலைக்குக் குறைவாக மதிப்புப் போட்டார் என்று சொல்லுவார். சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தருக்கு, வாங்க வருகிறவர்கள் குடியிருக்க வாங்குகிறார்களா, கைமாற்ற வாங்குகிறார்களா என்பது முகத்தைப் பார்த்தே தெரியும். ஆனால் அவருக்குத் தெரிவது அவருடைய பகுதி மட்டும்தான், அதை மாநிலத்துக்கே நீட்டக் கூடாது. வாடகைத் தரகரிடம் ஒரே கேள்வி போதும்: காலியான வீட்டுக்கு ஆள் கிடைக்க இப்போது எத்தனை வாரம் ஆகிறது, போன ஆண்டு எத்தனை?

ரெரா சட்டப்படி, மிகச் சிறியவை தவிர மற்ற கட்டுமானத் திட்டங்கள் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும்; எத்தனை வீடு புக் ஆகியிருக்கிறது, பணி எந்த அளவில் நிற்கிறது என்பதைப் பில்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆணையத்தின் தளத்தில் தெரிவிக்க வேண்டும். ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையில் 'நன்றாக விற்றது' என்று குறிப்பிடப்படும் திட்டத்தை அங்கே தேடிப் பார்த்துவிட்டு, இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் தேதியோடு செய்தியில் போட்டு, ஏன் வேறுபாடு என்று இரு தரப்பையும் கேட்டு எழுதலாம். பதில் தராதவர் பெயருக்கு நேரே 'கேட்டோம், பதில் வரவில்லை' என்று எழுதவும் இடம் இருக்கிறது.